நூறு ஹெக்டேர் இருந்தால் ஏரியும் உனக்கே!

ஏரிப் புறம்போக்கில் மூன்று சென்ட் குடிசை போட்ட ஏழைக்கு என்ன நடக்கும்? 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அவன் மீது பாயும். முதலில் நோட்டீஸ் வரும். பின்னாலேயே புல்டோசர் வரும். ஆனால் ஏரியும் ஓடையும் உள்ள இடத்தில் 100 ஹெக்டேர், அதாவது சுமார் 247 ஏக்கரில் திட்டம் போடுபவருக்கு? அவருக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது!

அதன் பெயர் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்தை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்துவிட்டால் போதும். குறுக்கே கிடக்கும் நீர்நிலையையும் வாய்க்காலையும் அதற்குள் சேர்த்துக்கொள்ள வழி பிறந்துவிடும்.

"நீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதே, வல்லுநர் குழுவும் இருக்கிறதே" என்கிறார்கள். குழுவை அமைப்பது யார்? அரசு. இறுதி முடிவு யாருடையது? அதுவும் அரசுடையதே! ஏரி என்ன, இங்கிருந்து தூக்கி அங்கே வைக்கும் அண்டாவா? நிலத்தின் சரிவைப் பார்த்து வெட்டப்பட்டது ஏரி. வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. கொள்ளளவைக் காகிதத்தில் காட்டலாம். தண்ணீர் காகிதத்தைப் படித்துவிட்டா ஓடுகிறது?

நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மாம்பலம் ஏரி தியாகராய நகரானது. இப்படி ஒவ்வொன்றாய் விழுங்கிய சென்னை, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய மழை இனியும் வரும். வரும் நீரைத் தாங்க ஏரியும் ஓடையும் இல்லையென்றால், அது நம் கடைக்குள்தான் வரும். சரக்கு நனைந்த வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வணிகப் பெருமக்களே! வளர்ச்சிக்கு நாம் எதிரிகள் அல்ல. தொழிற்சாலை வரட்டும், சாலை வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் முதலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அதை லாபம் என்று எழுதுகிற கணக்கை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? ஏரி நம் ஊரின் முதல். அதைத் தின்று வருவது லாபமல்ல, திவால்!

இளைஞர்களே! அதே ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவும் நிறைவேறியது. தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள், பத்தே நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளிக்குக் குரல் இருந்தது, மசோதா பின்வாங்கியது. ஏரிக்கு வாய் இல்லை, சட்டம் நின்றுவிட்டது. அந்த வாயாக நாம் இருக்க வேண்டாமா?

ஊர்தோறும் ஏரி, ஓடைகளின் சர்வே எண்களைத் திரட்டுங்கள். ஜமாஅத்திலும் வணிகர் சங்கத்திலும் கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தச் சட்டத்தை ரத்து செய்யக் குரல் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?"

மூன்று சென்ட்காரனுக்கு ஒரு நீதி, 247 ஏக்கர்காரருக்கு ஒரு நீதி என்பதை ஏற்க முடியாது!