கெம்பஸ் போகும் பிள்ளையிடம் உம்மா கேட்க வேண்டியவை



உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்றால் அன்று அந்த வீட்டில் பெருநாள்தான். ஆனால் பெட்டி அடுக்கும்போதே உம்மாவின் நெஞ்சில் ஒரு பயமும் வந்து குந்திக்கொள்கிறது. அதுதான் பகிடிவதை.

இந்தப் பயம் வீண் பயமல்ல. 1975ஆம் ஆண்டு பேராதனையில் பகிடிவதைக்குப் பயந்து விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி நடக்க முடியாதவராக ஆனார். 1997இல் அதே பேராதனையில், வரம்பு மீறிய உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்ட பொறியியல் பீட மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து மரணமானார். அடுத்த வருடமே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உடலில் காயம் உண்டாக்குவது மட்டுமன்றி, மனவேதனையையும் அச்சத்தையும் உண்டாக்குவதும் பகிடிவதையே என அச்சட்டம் கூறுகிறது. அதற்கு 2 வருடங்கள் வரை சிறை உண்டு. பகிடிவதையின்போது பாலியல் தொல்லையோ கடும் காயமோ நிகழ்ந்தால் 10 வருடங்கள் வரை தண்டிக்கலாம். இத்தனை கடுமையான சட்டம் இருந்தும், 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதி ஒரு புதுமுக மாணவரின் தலை படுகாயமடைந்தது.

ஏன் இப்படி? சட்டம் பெரும்பாலும் காரியம் நடந்த பின்னரே வருகிறது. நடக்குமுன் தடுக்க வேண்டுமானால், முன்கூட்டியே அறிந்தவர் வாய் திறக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல பாடமாகும். 2007 ஏப்ரல் 16ஆம் திகதி வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்று, தானும் தற்கொலை செய்துகொண்டான். பின்னர் விசாரித்தபோது தெரிய வந்தது என்ன? அவனுடைய எழுத்தைப் பார்த்து விரிவுரையாளர்கள் கலங்கியிருந்தார்கள். மாணவிகள் பல்கலைக்கழகப் பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். 2005 டிசம்பரில் மனநலச் சிகிச்சை பெற வேண்டும் என நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. அந்தத் துண்டுகளை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை. அந்தரங்கத்தை வெளியிடச் சட்டம் இடம் தராது என்று தவறாக எண்ணி, ஒவ்வொரு காரியாலயமும் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டது. அதன் பின்னர் 2008இல் அம்மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அரசாங்கக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பொலிஸார், மனநல வைத்தியத் துறையினர், மாணவர் விவகாரப் பொறுப்பாளர் ஆகியோர் சேர்ந்த குழு இருக்க வேண்டும்; ஆபத்து பற்றிய தகவல் அங்கே வந்து சேர வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு முன்னரே, 2002இல், அங்கு பாடசாலைகளில் நடந்த 37 தாக்குதல்களை அரசாங்கம் ஆராய்ந்திருந்தது. நூற்றுக்கு 81 சம்பவங்களில், தாக்கியவனின் எண்ணம் முன்கூட்டியே வேறு ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அநேகமாக அந்த ஒருவர் கூட்டாளிதான். இன்னொன்றையும் அவ்வாய்வு சொன்னது. இப்படிச் செய்பவன் இன்ன தோற்றத்தில், இன்ன குடும்பத்திலிருந்துதான் வருவான் என்று அடையாளம் குறிக்க முடியாது. ஆளின் உடுப்பையும் ஊரையும் பார்த்துச் சந்தேகப்படுவது பயனற்றது. அவனுடைய நடத்தையைத்தான் பார்க்க வேண்டும்.

கோபத்தில் ஒருவன் "கொன்றுபோடுவேன்" என்று கத்திவிட்டு மறுநாள் சேர்ந்து தேநீர் குடிப்பதுண்டு. ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளுக்குள் திட்டம் போடுபவனும் உண்டு. ஆகவே மிரட்டினானா என்பதோடு நின்றுவிடாமல், இவற்றையும் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ நாளையோ சொல்கிறானா? ஆயுதம் தேடுகிறானா? ஒரே பகையைத் திரும்பத் திரும்பப் பேசுகிறானா? இனி வாழ்ந்து பயனில்லை என்கிறானா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும், பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

"கூட்டாளியைக் காட்டிக் கொடுப்பது கோள் அல்லவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, சகோதரிகளே. இருவருக்கிடையில் பகை மூட்டச் சொல்வதுதான் கோள். அநியாயத்தை முறையிடவும், ஆபத்திலிருந்து ஒருவரை எச்சரிக்கவும் மற்றவரின் குறையைச் சொல்லலாம் என்று இமாம் நவவி போன்ற அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவ்வாறே, அடி வாங்கும் பிள்ளையிடம் "ஸப்ர் செய் மகன், கொஞ்ச நாள்தானே" என்பதும் ஸப்ர் ஆகாது. அது அநியாயக்காரனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

முதல் மாதங்களில் ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு பேசுங்கள். "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாமல், "இரவில் எத்தனை மணிக்குப் படுத்தாய்? யார் கூப்பிட்டார்கள்? என்ன செய்யச் சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள். குரல் மாறினால், வீட்டுக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால், காயத்தை மறைத்தால் அதட்ட வேண்டாம். நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், உபவேந்தர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொலிஸ் என முறையிட இடங்கள் உள்ளன. உடலில் அடி என்றால் முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கடும் வதைக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு விடயம். முதலாம் வருடத்தில் பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் நாம், அவன் இரண்டாம் வருடம் போனதும் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். நேற்று முழந்தாளில் நின்றவன்தான் இன்று மற்றவனை முழந்தாளில் நிறுத்துகிறான். "நமக்குச் செய்தார்கள், நாமும் செய்கிறோம்" என்பதே அவன் நியாயம். அந்தச் சங்கிலியை அறுக்க உபவேந்தரை விட உம்மாவால் முடியும். புதிய அணி வரும் வாரத்தில் உங்கள் மகனுக்கு, மகளுக்கு ஒரு கோல் எடுங்கள். "உனக்கு யாரும் ஏதும் செய்கிறார்களா?" என்று போன வருடம் கேட்டீர்கள். இந்த வருடம், "நீ யாருக்கும் ஏதும் செய்கிறாயா?" என்று கேளுங்கள். வேறொரு வீட்டில் ஓர் உம்மா, தன் பிள்ளையின் குரலில் பயம் இருக்கிறதா என்று அதே வாரத்தில்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.