பழகிய தொட்டியில் புது மணல்

சேர்வராயன் மலையடிவாரத்தில், சென்னை–சேலம் ரயில் பாதையில் இருக்கிறது பொம்மிடி. அங்கிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும், கடலைக் கண்ணால் காண 150 கிலோமீட்டருக்குக் குறையாமல் பிரயாணம் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைக்கிறார் என்றால், அவருக்கு ஆசை மட்டும் இருந்தால் போதாது. அசாத்தியப் பொறுமையும் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியேறும் வரையில் நாலைந்து வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம்தான் கோமாளி மீனும் மென்பவளமும் உள்ளே போகலாம். (கல் பவளத்தின் மேல் ஆசை வைக்கக் கூடாது. அது 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டது.)

இவ்வளவு பாடுபட்டு வளர்த்தவருக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு விபரீத ஆசை பிறக்கிறது. அடியிலுள்ள மணல் குறைந்து, நிறம் மங்கிவிட்டது. ஒரு வாளி புது மணலைக் கொட்டினால் பளிச்சென்று இருக்குமே! கொட்டியும் விடுகிறார். ஒரு நிமிஷத்தில் தொட்டி மோராகிறது. மறுநாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன.

என்ன நடந்தது? பழைய மணல் வெறும் மணல் அல்ல. அது ஒரு குடியிருப்பு. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மேல் மணலிலும் பாறையிலும் உள்ள பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவற்றுக்குப் பிராண வாயு வேண்டும். சிறு புழுக்களும் பூச்சி போன்ற நுண்ணிய பிராணிகளும் மணலைக் கிளறி, மிச்சம் மீதியைத் தின்கின்றன. அத்தனை பேர் தலையிலும் திடீரென்று இரண்டு அங்குலம் மணல் விழுந்தால் மூச்சு முட்டாதா? செத்தவை அழுகும்; அம்மோனியா ஏறும். அடியில் பல நாள் தேங்கிய அழுக்கைக் கிளறிவிட்டாலோ அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஆட்கள் குடியிருக்கும்போதே வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை இது.

கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் உரிய ஆபத்தல்ல இது. 2005ல் சேதுசமுத்திரத் திட்டத்துக்காகக் கடலை ஆழப்படுத்தும் வேலை தொடங்கியபோது எழுந்த ஆட்சேபங்களில் முக்கியமான ஒன்று, கிளறப்பட்ட சேறும் மணலும் மன்னார் வளைகுடாப் பவளங்களின் மேல் படியும் என்பதுதான். பவளம் தன் மேல் விழும் தூசியைக் கோழை சுரந்து தள்ளிவிடும். கொஞ்சமானால் தள்ளும், மூடினால் செத்துப்போகும்.

அந்த வளைகுடாவைச் சொன்னவுடன், "ராமேசுவரம் பக்கம் போகிறவரிடம் சொன்னால் ஒரு மூட்டை வந்துவிடுமே" என்று சிலருக்குத் தோன்றும். கூடவே கூடாது. அங்குள்ள தீவுகளின் மணல் பவளமும் சிப்பியும் பொடிந்து சேர்ந்தது. கிளிமீன் பவளப் பாறையைக் கரண்டித் தின்று கழிப்பதும் அதில் அடக்கம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே, 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. 1986லிருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா. அந்த மணலை அள்ளித் தொட்டியை அழகுபடுத்துவதைவிட, தொட்டியே இல்லாமல் இருப்பது மேல்.

வாணியாற்று மணல்? அது விஷமல்ல. ஆனால் அது கருங்கல் பொடிந்த மணல். வயல் மண்ணும் உரமும் மருந்தும் என்னென்ன கலந்ததோ! அரூர்ப் பக்கம் தீர்த்தமலையில் காந்த இரும்புக் கல் கிடைக்கிற வட்டாரம் வேறு. ஒரு காந்தத்தை மணலில் துழாவினால் கருமணல் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெள்ளையாக இருக்கிறதே என்று சேலத்து வெள்ளைக்கல் பொடியை நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். அந்த மலைக்கு ஆங்கிலத்தில் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர். ஆனால் கல்லோ சுண்ணாம்பல்ல, மக்னசைட். கடைகளில் விற்கும் சுண்ணாம்பு வகை மணல்தான் சரி. வாங்கியதில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டால் நுரைக்க வேண்டும். ரவை அளவு இருந்தால் உத்தமம். மாவாக இருந்தால் கலங்கிக்கொண்டே இருக்கும்.

உண்மையில், புது மணல் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மணலில் புதைந்து தூங்கும் மீனை வளர்க்கிறவருக்கு வேண்டும். சுத்தம் செய்யும்போதெல்லாம் குழாயோடு மணலை இழந்து, அடிக் கண்ணாடி தெரியும் நிலைக்கு வந்தவருக்கும் வேண்டும். மற்றவர்களுக்கு மங்கிய நிறம் ஒரு குறையே அல்ல. குடித்தனம் நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

போட்டே ஆகவேண்டும் என்றால் தவணை முறைதான். தெளிந்த நீர் வரும் வரை மணலை அலச வேண்டும். தர்மபுரி ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகையால் கடைசி அலசல் வடிகட்டிய நீரில் இருக்கட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, அகலமான பிளாஸ்டிக் குழாயை அடி வரை இறக்கி, அதன் வழியாக ஒரு மூலையில் மட்டும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்ப வேண்டும். பழைய மணலைக் கிளறக் கூடாது. பவளத்தின் மேல் விழுந்ததை உடனே ஊதிவிட வேண்டும். அப்புறம் ஒரு வாரம் தினமும் அம்மோனியா பரிசோதனை. எல்லாம் சரியாக இருந்தால், இன்னும் ஓரிரு வாரம் விட்டு அடுத்த மூலை. தொட்டி முழுவதும் முடிய இரண்டு மாதம்கூட ஆகலாம்.