காட்டைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரிக்கலாமே!

நடைப்பயணம் செல்வோரும் மலைச் சைக்கிளோட்டிகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். வார இறுதியில் அவர்கள் காலணியை மாட்டுகிறார்களா, தலைக்கவசத்தை மாட்டுகிறார்களா என்பதைப் பொறுத்துப் பதில் வரும். “வளைவில் திடீரென்று பாய்ந்து வருகிறார்கள்” என்பார் நடப்பவர். “நான்கு பேர் பாதையை அடைத்துக்கொண்டு போகிறார்கள், காதில் இசை ஓடுவதால் மணி அடித்தாலும் கேட்பதில்லை” என்பார் சைக்கிளோட்டி. இரு தரப்பும் கடைசியில் கேட்பது மட்டும் ஒன்றுதான்: “எங்களுக்குத் தனிப் பாதை வேண்டும்.”

கேட்பதற்கு நியாயமான தீர்வுதான். சிங்கப்பூரில் அதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2017ல் முழுமையாகத் திறக்கப்பட்ட செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் பரப்பளவு 81 ஹெக்டர். அங்கு நடப்பதற்கு 5.6 கிலோமீட்டர், மலைச் சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர் எனத் தடங்கள் தனித்தனியாக அமைக்கப்பட்டுள்ளன. சைக்கிளோட்டி மேடு பள்ளங்களை ரசிக்கலாம், நடப்பவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம்.

ஆனால், இதையே எல்லா இடங்களிலும் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் மொத்தப் பரப்பளவே ஏறத்தாழ 163 ஹெக்டர்தான். சரிவுகளையும் தடங்களையும் சீரமைப்பதற்காக 2014ல் மூடப்பட்ட அந்த வனப்பகுதி 2016ல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. மனிதக் காலடிகளே மண்ணை அந்த அளவுக்குத் தேய்க்கக்கூடியவை. இப்படிப்பட்ட சிறு காட்டின் அருகே இரண்டாவது தடம் ஒன்றை வெட்டுவது, சாலையில் இன்னொரு கோடு போடுவதைப் போன்றதன்று. ஒவ்வொரு புதுத் தடமும் மரங்களின் வேர்களையும் விலங்குகள் நடமாடும் இடத்தையும் துண்டாக்குகிறது. நம் சண்டைக்கு, அதில் கலந்துகொள்ளாத காடு விலை கொடுக்கிறது.

அப்படியானால் எல்லாரும் எல்லாத் தடங்களிலும் ஒன்றாகச் செல்லட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் சரிப்படாது. ஓர் எளிய கணக்கு போடுவோம். பூங்கா இணைப்புப் பாதைகளில் அனுமதிக்கப்படும் ஆக அதிக வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 7 மீட்டரைக் கடந்துவிடும். நடப்பவர் அதே நொடியில் ஒன்றரை மீட்டர்கூட நகர்ந்திருக்கமாட்டார். சைக்கிளோட்டி அவரைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி ஆகும் என்றால், 10 மீட்டர் தூரம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் வளைவில் என்ன நடக்கும்? அங்கே நல்ல மனம் இருந்தாலும் பயனில்லை.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டருக்கு நீளும் ரயில் பசுமைப் பாதையில் இரு தரப்பும் பெரும்பாலும் பிரச்சினையின்றிச் செல்வதற்குக் காரணமும் இதுவே. ரயில் ஓடிய பாதை என்பதால் அது நேராகவும் சமமாகவும் இருக்கிறது. எதிரே வருபவர் தூரத்திலேயே தெரிகிறார். ஆக, ஒரு தடத்தைப் பகிர முடியுமா என்பதை முதலில் முடிவு செய்வது அதன் அகலமும் பார்வைத் தூரமும்தான். நம் பண்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

குறுகலான, வளைவான தடங்களுக்கு என்ன வழி? அமெரிக்காவில், கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் உள்ள தாஹோ ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தடம் செல்கிறது. அதன் ஒரு பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டுமே சைக்கிள்களுக்கு அனுமதி. அமைதியாக நடக்க விரும்புபவர் ஒற்றைப்படைத் தேதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். புதிதாக ஒரு தடம் வெட்டாமலேயே இரு தரப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இங்கும் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. இயற்கை வனப்பகுதிகளுக்குள் வேண்டாம். அவை இப்போதுள்ள கட்டுப்பாடுகளுடனேயே இருக்கட்டும். அவற்றுக்கு அரணாக அமைந்துள்ள இயற்கைப் பூங்காக்களில், மண் உறுதியாக உள்ள ஒன்றிரண்டு நடைத்தடங்களை வாரத்தில் இரு காலைப் பொழுதுகள் மட்டும் சைக்கிள்களுக்குத் திறந்துவிடலாம். கனமழை பெய்தால் அன்று அனுமதி இல்லை. ஆறு மாதங்கள் கழித்து மண்ணின் நிலையைப் பார்த்துத் தொடரலாம் அல்லது நிறுத்தலாம்.

“சைக்கிள் சக்கரம் மண்ணைக் கிழித்துவிடுமே” என்று நடைப்பயணிகள் கேட்பது நியாயமே. ஈரச் சரிவில் பிரேக் பிடித்துச் சறுக்கும் சக்கரம் பள்ளம் போடும். அந்தப் பள்ளத்தில் அடுத்த மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். ஆனால், சேற்றை மிதிக்க விரும்பாமல் தடத்தின் ஓரமாக நடக்கும் நாமும் அதை ஆண்டுதோறும் அகலமாக்குகிறோம். எனவே, யார் அதிகம் கெடுக்கிறார் என்று வாதாடுவதைவிட, ஈரமாக இருக்கும்போது இருவருமே விலகியிருப்பது மேல்.

“தேதியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?” என்று சிலர் கேட்கலாம். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் தலைமுறை நாம். நுழைவாயிலில் ஒரு பலகையும் கைப்பேசியில் ஓர் அட்டவணையும் போதும்.

அதுவரை நம் கையில் இருப்பவை சிறிய செயல்கள்தான். பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொதுவான மரபு, சைக்கிளோட்டி நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது. வேகம் யாரிடம் இருக்கிறதோ பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும். அதேவேளையில், நடப்பவர் ஒரு காதையாவது திறந்து வைத்திருக்கலாம். சைக்கிளுக்கென்று ஒதுக்கப்பட்ட தடத்தில் குறுக்குவழி தேடி நுழையாமல் இருக்கலாம். அனுமதியில்லாத தடங்களை உருவாக்குவதையும் பயன்படுத்துவதையும் இரு தரப்பும் கைவிட வேண்டும்.

அடுத்த முறை ‘எங்களுக்குத் தனிப் பாதை’ என்று கோருமுன், அந்தப் பாதை எதன்மீது போடப்படும் என்றும் கேட்டுக்கொள்வோம். நேரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பிரிக்கலாம். காட்டை ஒருமுறை பிரித்துவிட்டால் திரும்ப ஒட்டவைப்பது எளிதன்று.