வலி வருமுன் வழி

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் நம் பெரியோர். அந்த மறுபிறப்புக்குத் துணை நிற்கும் மருத்துவரை எப்போது தேடுகிறோம்? பெரும்பாலும் வலி வந்த பிறகே!

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். ஆண் மருத்துவர் பார்க்கக் குடும்பத்தார் இசையவில்லை. பெண் மருத்துவரோ இல்லை. மனம் கலங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. நம் கிருஷ்ணகிரியிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் ஓசூர் ஆலைகளுக்குப் பிழைக்க வந்தவருக்கும், அஞ்செட்டி மலைக் கிராமத்தாருக்கும் ‘எந்த டாக்டரம்மாவிடம் போவது?’ என்பது இன்னும் கேள்வியே. வசதியுள்ளோர் பெங்களூரின் பெரிய பெயர்களை நாடுகின்றனர். நள்ளிரவில் இரத்தப்போக்கு கண்டால் பெயரா உதவும்? அருகில் இருப்பவரே உதவுவார்.

ஆகவே கைராசியை மட்டும் விசாரித்தால் போதாது. இரவிலும் மருத்துவர் இருப்பாரா? அறுவைச் சிகிச்சைக்கும் இரத்தம் ஏற்றவும் வசதி உண்டா? வீட்டிலிருந்து எவ்வளவு நேரப் பயணம்? நாள் தள்ளியதுமே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, இவற்றைக் கேட்டறிய வேண்டும். 108 வண்டி வரும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அவ்வாறே. தெருவில் எந்தக் காகிதம் வந்தாலும் நம்மிடமே படிக்கத் தருகின்றனர். இதையும் விசாரித்துச் சொல்வது நம் கடமையன்றோ?