விரல் போனால் வருமா?

ஆயுத பூஜையன்று ஏதாவது ஒரு பட்டறையை எட்டிப் பாருங்கள். எந்திரங்களைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருப்பார்கள். பொரி, கடலை, சுண்டல் என்று பட்டறையே மணக்கும்.

அன்று ஒரு நாள் எந்திரத்துக்கு அவ்வளவு மரியாதை!

விடுமுறை முடிந்ததும் என்ன நடக்கிறது? அதே எந்திரத்தைக் கையில் எடுக்கிறார்கள். அதன் பாதுகாப்பு மூடி எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. பிளக் இல்லாத ஒயரைத் துளையில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. காலில் ரப்பர் செருப்பு. "ம், போடு!" என்கிறார் ஒருவர். வேலை தொடங்கிவிடுகிறது.

எந்திரத்தைக் கும்பிடுவது நல்லதுதான். கும்பிட்ட கையையும் காப்பாற்ற வேண்டாமா?

தெருவுக்குத் தெரு எந்திரம்

ஒரு காலத்தில் மின்சாரத்தில் ஓடும் எந்திரங்கள் பெரிய ஆலைகளில்தான் இருந்தன. தச்சரின் பையில் உளியும், சுத்தியலும், கைரம்பமும் இருக்கும். வேறு எதுவும் இருக்காது.

இன்று அப்படி அல்ல. டைல்ஸ் பதிக்கிறவரிடம் கட்டிங் மெஷின் இருக்கிறது. கிரில் கேட் செய்கிறவரிடம் கிரைண்டிங் மெஷின் இருக்கிறது. தச்சரிடம் இழைப்பு மெஷின் இருக்கிறது. சாமி படம் மாட்டுவதற்காக டிரில்லிங் மெஷின் வாங்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

இதைக் குறை சொல்வதற்கில்லை. அரை நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. உழைப்பாளியின் முதுகு வலி குறைகிறது. எந்திரம் நண்பன்தான். ஆனால், அது கண் இல்லாத நண்பன். இரும்பு எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது.

மூடியின் வேலை என்ன?

கையில் பிடித்து அறுக்கும் சிறிய கிரைண்டிங் மெஷின் 1954-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வந்தது. இன்று அது இல்லாத பட்டறையே இல்லை.

அதில் மாட்டும் வீல் 4 அங்குலம்தான். உள்ளங்கை அகலம். ஆனால், அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுழல்கிறது. கணக்குப் போட்டால், வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் எந்த ரெயிலும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை.

அந்த வீல் உடைந்தால், துண்டும் அதே வேகத்தில்தான் பறக்கும். பாய்வது முகத்திலா, கழுத்திலா, வயிற்றிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குத்தான் அந்த அரைவட்ட இரும்பு மூடி. உடைந்த துண்டை அது தடுக்கிறது. நெருப்புப் பொறியை வேறு பக்கம் திருப்புகிறது. கை நழுவினாலும் விரலுக்கும் வீலுக்கும் நடுவே நிற்கிறது. தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. எந்திரத்தின் பெட்டியிலேயே அது இருக்கிறது.

அதைத்தான் முதல் வேலையாகக் கழற்றி எறிகிறார்கள்!

சொல்லும் காரணங்கள்

ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டால் சில காரணங்கள் சொல்வார்கள்.

"மூடி இருந்தால் கோடு தெரியவில்லை" என்பது ஒன்று. மூடியைத் தளர்த்தி, வேண்டிய பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

"பெரிய வீல் போட்டால் ஆழமாக அறுக்கலாம், மூடி இருந்தால் அது நுழையாது" என்பது இன்னொன்று. இதுதான் பெரிய ஆபத்து. 7 அங்குல வீல் மாட்டும் பெரிய எந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 8,500 தடவைதான் சுழலும். அந்த வீலை 11,000 தடவை சுழலும் சின்ன எந்திரத்தில் மாட்டினால், தாங்கும் வேகத்தையும் தாண்டிச் சுழலும். வெடித்துச் சிதறலாம். எந்த வீல் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது வீலிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த எண், எந்திரத்தில் எழுதியிருக்கும் எண்ணை விடக் குறைவாக இருந்தால், அந்த வீலைத் தொடக் கூடாது. எண் படிக்கத் தெரிந்தால் போதும். உயிர் பிழைக்கலாம்.

மூன்றாவது காரணம், மரம் அறுப்பது. இரும்பு அறுக்கும் எந்திரத்தில் பல் வைத்த பிளேடை மாட்டி, மரத்தை அறுக்கிறார்கள். பல் மரத்தில் சிக்கினால் எந்திரம் துள்ளும். துள்ளுகிற எந்திரத்தை எப்பேர்ப்பட்ட பலசாலியாலும் பிடிக்க முடியாது. அது தொடையிலோ கழுத்திலோ பாய்ந்துவிடும். "இதில் பல் வைத்த பிளேடு மாட்டாதீர்கள்" என்று எந்திரம் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். மரத்துக்கு வட்ட ரம்பம் தனியாக இருக்கிறது. அதுதான் மரத்துக்கு.

கடைசியாக ஒரு காரணம் சொல்வார்கள். "இருபது வருடமாக இப்படித்தான் அறுக்கிறேன். என்ன ஆகிவிட்டது?"

அனுபவம் கைக்கு உண்டு. வீலுக்கு இல்லை. இருபது வருட அனுபவசாலியின் எந்திரத்திலும், இன்று காலையில் வாங்கிய வீல்தான் சுழல்கிறது. அதில் மயிரிழை விரிசல் இருந்தால், அவருடைய அனுபவம் அதற்குத் தெரியாது.

பயப்படுவது வேறு. பத்திரமாக இருப்பது வேறு. மூடி போட்டு வேலை செய்கிறவர் கோழை அல்ல. நாளைக்கும் வேலைக்கு வர வேண்டும் என்று நினைக்கிற புத்திசாலி!

வேலை கொடுப்பவருக்கும் பங்கு உண்டு

விபத்து நடந்தால் எல்லோரும் தொழிலாளியைத்தான் குறை சொல்கிறார்கள். "கவனமாக இருக்க வேண்டாமா?" என்கிறார்கள். இது பாதி நியாயம்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, "ராத்திரிக்குள் முடித்துவிடு" என்று விரட்டுகிறவர் யார்? வீட்டுக்காரர். அரை இருட்டில் வேலை செய்யச் சொல்கிறவர் யார்? அவர்தான். பத்து ரூபாய் குறைவு என்று மட்டமான வீலை வாங்கிக் கொடுக்கிறவர் யார்? சில இடங்களில் பட்டறை முதலாளி. கற்றுக்கொள்ள வந்த பையனிடம் முதல் வாரமே எந்திரத்தைக் கொடுக்கிறவரும் அவரே.

அவசரப்படுத்துகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார். விரல் இழந்தவர்தான் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்குக் கைதான் நிலம், கைதான் பாங்கி. வலது கையில் கட்டை விரல் போனால், உளியும் பிடிக்க முடியாது. கரண்டியும் பிடிக்க முடியாது. அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் படிப்பும் அந்த விரலோடு போய்விடலாம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் எந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று அப்போதே கூறியது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால், அது தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம். இரண்டு பேர் வேலை செய்யும் மொட்டை மாடிக்கு எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்? அங்கே வேலை கொடுத்தவரும், வேலை செய்கிறவரும்தான் இன்ஸ்பெக்டர்கள்.

ஆகவே, வீட்டில் வேலை நடந்தால் வீட்டுக்காரரும் அம்மாளும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "மெஷினுக்கு மூடி எங்கே?" மூடி இல்லாத எந்திரத்துக்கு மின்சாரம் கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

பானையைத் தட்டுவது போல

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்று கேட்டால் நல்ல பானை. மொத்தென்று கேட்டால் கீறல் விழுந்த பானை.

உளி தீட்டும் மேஜை எந்திரத்தின் கல்லுக்கும் இதே சோதனைதான். மாட்டுவதற்கு முன்பு மரக் கைப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்கவில்லை என்றால் அந்தக் கல்லை மாட்டக் கூடாது. மெல்லிய கட்டிங் வீலை இப்படிச் சோதிக்க முடியாது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கீழே விழுந்தது, நனைந்தது, ஓரம் பெயர்ந்தது எதுவும் கூடாது. பல வீல்களின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கும். அதையும் பார்க்க வேண்டும். புது வீலை மாட்டியதும், ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட விட வேண்டும்.

வீல் மாற்றும்போதும் பிட் மாற்றும்போதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். குழந்தை கை பட்டாலும் சுவிட்ச் விழும்.

எந்திரத்தின் காற்றுத் துளைகளில் தூசி அடைத்தால் மோட்டார் சூடேறும். வேலை முடிந்ததும் துடைக்க வேண்டும். உள்ளே அதிகமாகப் பொறி பறந்தால், கார்பன் தேய்ந்திருக்கலாம். மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. தினமும் செய்கிற இந்தத் துடைப்புதான் உண்மையான ஆயுத பூஜை!

துளை போடும்போது கையுறை போடக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. சுழலும் பிட் கையுறையைச் சுற்றி இழுத்தால், கையும் கூடவே போகும். கழுத்துத் துண்டு, தொங்கும் லுங்கி, முழுக்கைச் சட்டை, முந்தானை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஃபியூஸ் காப்பாற்றாது

"ஷாக் அடித்தால் ஃபியூஸ் போய்விடும், பயம் இல்லை" என்று நினைக்கிறார்கள். தவறு. ஃபியூஸ் வீட்டின் ஒயரைத் தீயிலிருந்து காக்கும். ஆளைக் காக்காது. ஆளைக் கொல்ல மிகக் கொஞ்சம் மின்சாரமே போதும். அந்தக் கொஞ்சத்துக்கு ஃபியூஸ் அசையவே அசையாது.

ஆளைக் காப்பதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் வழி தவறிப் போனாலே அது கண் இமைக்கும் நேரத்தில் தொடர்பைத் துண்டித்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீசியனிடம் இதைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கிறார்கள். தூசி அடங்குவதற்கு அது நல்லதுதான். ஆனால், தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் இந்தக் கருவி இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

எந்திரத்தின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால், அதற்கு இரண்டு அடுக்குக் காப்பு இருக்கிறது என்று பொருள். அதற்கு எர்த் தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத எந்திரத்துக்கு மூன்று முள் பிளக்கும், நல்ல எர்த்தும் கட்டாயம். ஒயரில் தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல், ஒயரையே மாற்றிவிட வேண்டும்.

கண்ணும் மார்பும்

கண்ணில் பொறி விழுந்தால், குண்டூசியால் எடுக்கிறார்கள். துண்டு முனையால் எடுக்கிறார்கள். நாக்கால் எடுக்கிறவர்களும் உண்டு! இரும்புத் தூள் கண்ணில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். கண் டாக்டரிடம்தான் போக வேண்டும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

கல்லும் டைல்ஸும் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள் நுரையீரலில் படிந்தால், சிலிகோசிஸ் என்ற நோய் வரும். வந்தால் குணமாகாது. கைக்குட்டை கட்டுவது போதாது. அந்த நுண்ணிய தூள் துணியில் புகுந்துவிடும். என்-95 முகக்கவசமாவது வேண்டும்.

விரல் துண்டானால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நடக்கலாம். அப்போது கூச்சல் போடாமல், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

துண்டான விரலை எறிந்துவிடக் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் படக் கூடாது. பட்டால் சதை கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கோவையிலும் துண்டான விரலைச் சேர்த்துத் தைக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

கட்டடத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். விபத்தில் உயிரோ உறுப்போ போனால் வாரியம் நிதி உதவி தரும். பதியாதவர் குடும்பம் அதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

காசில்லாத காவல்

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் அறிஞர் 1999-ஆம் ஆண்டில் ஓர் அதிசய ரம்பத்தை உருவாக்கினார். சுழலும் பிளேடில் விரல் பட்டால், ஒரு வினாடியை 1,000 பங்காக்கி அதில் 5 பங்கு நேரத்தில் பிளேடு நின்றுவிடும்! இலேசான கீறலோடு விரல் தப்பும்.

அந்த ரம்பத்தின் விலை சின்னப் பட்டறைக்குக் கட்டாது. அதற்காக ஏங்க வேண்டியதும் இல்லை. மூலையில் கிடக்கும் மூடியை எடுத்து மாட்டினால், பாதி ஆபத்து இன்றே போய்விடும். அதற்குக் காசு வேண்டாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

காலையில் வேலைக்குப் புறப்படும் கணவரிடம் மனைவி கேட்கட்டும். மகனிடம் தாய் கேட்கட்டும். "சாப்பாடு எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்பதோடு, "கண்ணாடி எடுத்துக்கொண்டாயா? மெஷினில் மூடி இருக்கிறதா?" என்றும் கேட்கட்டும்.

கேட் நாளைக்கு முடியும். டைல்ஸ் மறுநாள் ஒட்டலாம். போன விரல் முளைக்காது.