நெடுவழிக்கும் ஒரு திண்ணை வேண்டும்

வழிப்போக்கரைத் தாங்குவது சைவத் தமிழ் மக்களிடையே பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டு வந்தது. திங்களூரிலே அப்பூதியடிகள் நாயனார், தாம் நேரிற் காணாத திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாறு பெரியபுராணத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்து வீதியோரங்களிலே மடமும் கேணியும் சுமைதாங்கியும் இருந்தன. பருத்தித்துறைத் தெருமூடிமடம், வீதியின் இருபுறமும் திண்ணை கட்டி மேலே கூரையிட்டு, நடந்து போகிறவன் வழி விலகாமலே இளைப்பாற வகை செய்தது. களைத்த மனிதன் தன் களைப்பைத் தானே சரியாக அளக்கமாட்டான், இடத்தைக் கண்டால்தான் உட்காருவான் என்பதை அந்த முன்னோர் அறிந்திருந்தனர்.

அவுஸ்திரேலியாவிலே மெல்பேணுக்கும் சிட்னிக்கும் இடையே ஏறக்குறைய 880 கிலோமீற்றர். கறம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத் திருவிழாவுக்கோ, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கோ சென்று, தனியே காரோட்டி வீடு திரும்பும் சிட்னி அன்பர்கள் பலர். எங்கும் நிற்காமல் ஓடினால் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். “இராத்திரி எட்டு மணிக்கு வெளிக்கிட்டேன், விடியக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்” என்று சொல்வது ஒரு பெருமையாகவும் ஆகிவிட்டது. இந்தப் பெருமை ஆபத்தானது. வழியிலுள்ள நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்கி வருவதே அறிவுடைமை.

1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று வைத்திய உலகில் பிரசித்தமானது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். இந்நாட்டுச் சட்டம் சாதாரண சாரதிக்கு விதித்த எல்லை 0.05.

கல்யாணத்துக்காகக் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு, பெனல்லாவை எட்டுமுன்பே, அவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சிட்னியை நெருங்கும்போது அவர் நிலை சட்ட எல்லையைப் போல் இரு மடங்கு. வாழ்நாளில் மதுவைத் தொடாத சைவர், குடித்தவரின் நிலையில் காரோட்டுகிறார். பரிசோதிக்கும் பொலிஸாரின் கருவி இதைக் காட்டாது.

போதாதற்கு, இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடலின் கடிகாரமே நித்திரையை வலிந்து அழைக்கும் நேரம். அப்போது அவர் குண்டகாய்க்கும் கோல்பேணுக்கும் இடையே தனிமையில் இருப்பார். 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் முப்பது மீற்றர் செல்கிறது. நாலு வினாடி கண் அயர்ந்தால் 120 மீற்றர். கண் அயர்ந்ததைப் பெரும்பாலும் அயர்ந்தவரே அறியமாட்டார். ஜன்னலைத் திறப்பதும் பக்திப் பாடலை உரக்கப் போடுவதும் சில நிமிடங்களுக்கே உதவும். கோப்பி வேலை செய்ய அரை மணித்தியாலமாகும். நித்திரைக்கு மருந்து நித்திரைதான்.

வீதி திருந்தியதும் ஒருவகையில் இதற்குத் துணைபோயிற்று. முன்னர் ஹியூம் நெடுஞ்சாலை ஒவ்வொரு சிற்றூரின் நடுவேயும் சென்றது. வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, தேநீர்க் கடை கண்ணில் பட்டது. 2013 இல் ஹோல்புரூக் ஊரின் புறவழி திறக்கப்பட்டதோடு, முழுப் பாதையும் போக்கும் வரவும் பிரிந்த சாலையாயிற்று. நேருக்கு நேர் மோதும் விபத்துகள் குறைய இது பேருதவி. ஆனால் ஊர்கள் யாவும் ஒதுங்கிப் போனபின், ஓட்டுபவரை நிறுத்த எதுவுமில்லை. பாதி வழியிலுள்ள தார்கட்டாவில், பணியின்போது உயிரிழந்த லொறிச் சாரதிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். வாரமெல்லாம் அலுவலகத்தில் இருந்தவர் அவர்களை விட வல்லவராவது எப்படி?

நண்பர் வீட்டில் தங்கலாமே என்றால் இரண்டு தடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஒருநாள் லீவு வீணாகும் என்பது. ஆயுளோடு ஒப்பிட்டால் ஒருநாள் லீவு பெரிதல்ல என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றது, “அவர்களுக்கு ஏன் கரைச்சல்” என்ற கூச்சம். இதற்குக் காரணம் விருந்தினரை விட விருந்தளிப்பவரே. ஒருவர் வருகிறார் என்றால் பத்துக் கறி, வடை பாயசம், பக்கத்து ஊர் நண்பர்களுக்கும் அழைப்பு, நள்ளிரவு வரை அரசியல் பேச்சு என்று ஆகிவிட்டது. அடுத்த முறை வருபவர் சொல்லாமலே கடந்து போகிறார். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைப் பற்றியது. வந்தவரின் தேவையறிந்து செய்வதே அதன் கருத்துக்கு ஏற்றது. களைத்து வருபவருக்கு இடியப்பமும் சொதியும் போதும். குளிக்கச் சுடுநீர், ஒரு தலையணை, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. இவையே மேலான உபசாரம்.

வழியிலுள்ள குடும்பங்களின் நிலையையும் நினைக்க வேண்டும். 1997 முதல், வெளிநாட்டில் பட்டம் பெற்ற வைத்தியர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை வைத்தியர் தட்டுப்பாடான இடங்களில் சேவை செய்யும் விதி இந்நாட்டில் உள்ளது. ஆல்பரி, வாகா வாகா போன்ற ஊர்களிலே தமிழ் வைத்தியர்கள் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வெள்ளிக்கிழமை போகக் கோயில் இல்லை. வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்பது அரிது. ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு தங்கியிருக்கும் வயோதிபத் தாய்க்கு, விபூதிப் பிரசாதமும் இரண்டு முருங்கைக்காயும் கொண்டு வாசலில் நிற்கும் ஒருவர் எவ்வளவு பெரிய ஆறுதல்! தங்குபவர் தாம் கடன்படுவதாக எண்ணுகிறார். அந்த வீட்டாரோ அவர் சென்றபின் ஒரு வாரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

தனியே செல்பவர் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாவது நிறுத்தி நடக்க வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். விடுமுறைக் காலங்களில் தொண்டர்கள் இலவசமாகத் தேநீர் வழங்கும் ‘டிரைவர் ரிவைவர்’ நிலையங்களைப் பயன்படுத்தலாம். நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்கள் புறப்படுமுன் சீனி அளவு 5 க்கு மேல் இருப்பதைப் பார்க்க வேண்டும். சூடான காரிலே இன்சுலினை வைத்துவிட்டுப் போகக்கூடாது. தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் தூக்கம் தரும். பலத்த குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழுபவர்கள் பயணத்துக்கு முன்பே வைத்தியரைக் காண்பது நல்லது. கங்காருக்கள் வீதிக்கு வரும் மாலை மயக்கத்தையும் விடியற்காலையையும் தவிர்த்து, நன்றாக விடிந்தபின் புறப்படலாம்.

சங்கங்களும் இதில் ஒரு கடமையை ஏற்கலாம். மெல்பேண், சிட்னி, கன்பரா நகரங்களிலுள்ள சைவ சங்கங்கள் ஒன்றுகூடி, நெடுஞ்சாலையோரத்தில் ஓர் இரவு இடங்கொடுக்க விரும்பும் குடும்பங்களின் பட்டியலொன்றைச் செயலாளரிடம் வைத்திருக்கலாம். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, கேட்கும் அங்கத்தினருக்கு மட்டும் விபரம் கொடுத்தால் போதும். மகோற்சவத்துக்கும் ஈஸ்டர், நத்தார் விடுமுறைகளுக்கும் முன் அறிவித்தல் செய்யலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கட்டிடமும் வேண்டியதில்லை.

பெரியவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. திருவிழா முடிந்து இரவில் கார்த் திறப்பை எடுப்பவரிடம், “தம்பி, காலமை எத்தனை மணிக்கு எழும்பினீர்?” என்று கேட்க வேண்டும். பதில் திருப்தியில்லையென்றால் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு பாய் விரித்துக் கொடுக்க வேண்டும். அவர் கோபித்தாலும் பாதகமில்லை. விடிந்தபின் புறப்பட்டுச் சுகமாக வீடு சேர்ந்து தொலைபேசியில் பேசும்போது அந்தக் கோபம் இருக்காது.