போர்க்கள அகழாய்வில் பள்ளிப் பிள்ளைகள்: மண்வெட்டி வேண்டாம், நோட்டு கொடுங்க

1/ ஜவ்வாது மலையிலிருந்து கால்ல காயத்தோட ஒரு பையன் வந்தான். ஏழாம் வகுப்பு. தையல் போடும்போது பேச்சு கொடுத்தேன். "வேடியப்பன் கல்லுகிட்ட விழுந்துட்டேன் சார்." கல்லுல என்ன இருக்கு? "வில்லு வச்ச ஆளு. மேல எழுத்து இருக்கு, படிக்கத் தெரியாது."

2/ செங்கம், ஜவ்வாது மலை, தருமபுரி பக்கம் வேடியப்பன்னு கும்பிடுற கற்கள் பல, உண்மையில் நடுகற்கள். மாட்டு மந்தையைக் கவர, மீட்க நடந்த சண்டையில் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். நம்ம ஊர்ப் போர் நினைவிடம் இதுதாங்க.

3/ தண்டராம்பட்டு பக்கம் எடத்தனூர் கல்லைப் பாருங்க. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவகத்தியோட, கள்ளரைக் கடிச்ச அவன் நாய் கோவிவனுக்கும் அதில் இடம் இருக்கு. ஏறக்குறைய 1,400 வருஷமா ஒரு நாயோட பேர் நிக்குது!

4/ இந்த மாதிரி இடங்களில் பள்ளிப் பிள்ளைகளை அகழாய்வில் சேர்க்கலாமா? சேர்க்கணும். ஆனா தோண்ட விடக்கூடாது. அகழாய்வு பிரேதப் பரிசோதனை மாதிரி. ஒருமுறை திறந்தா திறந்ததுதான், திரும்ப அடுக்க முடியாது. அதனாலதான் தொல்லியல் துறை அனுமதி இல்லாம யாரும் தோண்டக்கூடாது.

5/ சமீபத்துப் போர் நடந்த மண்ணுன்னா ஆபத்து இன்னும் பெருசு. இலங்கையில் போர் 2009இல் முடிஞ்சுது. முல்லைத்தீவு பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா நடக்குது. அங்கே பிள்ளை கையில் மண்வெட்டி கொடுக்க முடியுமா? ஜவ்வாது மலையில் வெடி இல்லை. பாம்பும் துருப்பிடிச்ச இரும்பும் உண்டு. டிடி ஊசி போடுறவன் சொல்றேன்.

6/ அப்போ பிள்ளைங்க என்ன செய்யலாம்? ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத்தான் எந்தப் புதர்ல எந்தக் கல்லுன்னு தெரியும். இடத்தைக் குறிக்கட்டும். அளக்கட்டும், வரையட்டும், போட்டோ எடுக்கட்டும். பாட்டி சொல்ற கதையை எழுதட்டும். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

7/ "பிள்ளைகளுக்கு இது புரியுமா?" ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைங்க கல்வெட்டே படிக்கக் கத்துக்கிட்டாங்க. மலைப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் வராது?

8/ ரோடு போடும்போது ஒரு கல் புதைஞ்சா, துவைக்கிற கல்லா மாறினா, அதோட அந்த மனுஷனும் போயிட்டான். வேற எந்தப் பதிவுலயும் அவன் பேர் இருக்காது.

9/ தையல் பிரிக்க வந்தப்ப அந்தப் பையன் ஓபி சீட்டுக்குப் பின்னாடி கல்லை வரைஞ்சு கொண்டு வந்தான். எழுத்தையும் பார்த்து அப்படியே எழுதியிருந்தான். நான் சொல்லவே இல்லைங்க. மலைப் பள்ளி ஆசிரியர்களே, இந்த வாரம் ஒரே ஒரு கல்லுகிட்ட பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. நோட்டும் அளவு டேப்பும் போதும்.